ஹபீப் அவசரப்படவில்லை

திட்டக்குடியில் தேர்வுக் கண்காணிப்புக்குப் போயிருந்தபோது தந்தி வந்தது. ஹபீப் மறைந்தான், உடனே வா என்று ஜோசப் அடித்திருந்தார். ஜோசப் எங்கள் கூட்டாளி, கடலூரில் பள்ளி ஆசிரியர், வாயைத் திறந்தால் மூடாதவர். அவர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவே, கண்காணிப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். விருத்தாசலத்தில் ஒரு பஸ், சிதம்பரத்தில் ஒரு பஸ் மாறிப் பரங்கிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை. ஈரம் காயாத மண்ணைத்தான் பார்த்தேன். நெஞ்சுவலி என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நெஞ்சுவலியோடு யாரும் சண்டை போட முடியாது. என் சண்டை வேறொருவரோடு. அடுத்த வாரம் மஞ்சக்குப்பத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. எங்கள் ராக்கெட் சங்கத்தின் பழைய செயலாளர் தலைமை தாங்கினார். "ஹபீப் முகமது துணிச்சல்காரர். ஆனால் கொஞ்சம் அவசரக்காரர். அந்த அவசரம்தான் அவருடைய கையைப் பறித்தது" என்று தழுதழுத்த குரலில் பேசினார். சபை உச்சுக் கொட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஹபீபை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவன் கை எப்படிப் போயிற்று என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த நானும் ஜோசப்பும் அவன் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம். மூடச் சொன்னவன் இப்போது இல்லை.

'அவன்' என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில் அவன் வேதியியல் பாடம் நடத்தினான், நான் இயற்பியல். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அதற்குப் பிறகு 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

கேரளக் கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பிய செய்தியைப் படித்த சூட்டில் பிறந்ததுதான் எங்கள் சங்கம். கூடியவர்கள் ஐந்தாறு பேர். ஆளுயரக் குழாய், அதற்குள் அடைத்த வெடிமருந்து, கூம்பு மூக்கு, குடைத் துணியில் தைத்த பாராசூட். காரிலிருந்து கழற்றிய பேட்டரியில் ஒயரை மாட்டித் தூரத்தில் மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து பொத்தானை அழுத்துவோம். சாமியார்பேட்டைக் கடற்கரைதான் எங்கள் மைதானம். மேலே போகிற உயரத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசுவோம். ஹபீப் மட்டும் நாங்கள் நிற்கிற இடத்தைப் பற்றிப் பேசுவான். "ராக்கெட்டு மேல போறது அதோட வேல. நாம எல்லாரும் வூட்டுக்குப் போறது என் வேல" என்பான். அப்படித்தான் பாதுகாப்புப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. யாரும் கொடுக்கவில்லை, வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை எல்லாம் தயார். காற்றும் அடங்கியிருந்தது. கடலில் ஒரு கட்டுமரம் தெரிந்தது. ஹபீப் பொத்தானுக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கட்டுமரம் எங்கேயோ நிற்கிறது, நம் ராக்கெட் எங்கேயோ போகப்போகிறது என்று நாங்கள் கத்தினோம். "அதுல இருக்கறவனுக்கு நம்ம சங்கத்துல சேர விருப்பமான்னு கேட்டுட்டு வா, அப்புறம் உடலாம்" என்றான். கட்டுமரம் கரை சேரும் நேரத்தில் காற்று கிளம்பிவிட்டது. அன்று ராக்கெட் விடவில்லை. குழாயைத் தோளில் சுமந்துகொண்டு அவனைத் திட்டியபடியே திரும்பினோம். அவனும் எங்களோடு சேர்ந்து தன்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

இனி அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டை முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்து உண்பார்கள். கூட இருப்பவர்கள் முடிக்கும்வரை நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அதன் மரியாதை. ஒருநாள் பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லை. ஒயர் கழன்றிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஜோசப் வேட்டியை மடித்துக் கட்டினார். "உக்காருங்க சார், பசிக்குது" என்று ஹபீப் பாயை விரித்தான். வீட்டிலிருந்து தேங்காய்ச் சோறும், கத்திரிக்காய் போட்ட பருப்புக் குழம்பான தாளிச்சாவும் கொண்டுவந்திருந்தான். எங்களில் சைவக்காரர் ஒருவர் உண்டு என்பதற்காகக் கறி சேர்க்காத தாளிச்சா. நான் அறிவியலுக்காகச் செய்த ஒரே தியாகம் கறியில்லாத அந்தத் தாளிச்சாவைச் சாப்பிட்டதுதான். நாங்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. உள்ளே எங்கேயோ கங்கு ஒளிந்திருந்திருக்கிறது. வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து அண்ணாந்து பார்த்தோம். ஜோசப் மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல அவிழ்த்துவிட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அது எங்கள் விதியாகிவிட்டது. ராக்கெட் கிளம்பவில்லையென்றால் சஹன் இறங்கும். பேட்டரி ஒயரை ஹபீப் தன் பையில் வைத்துக்கொள்வான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, அதற்குப் பிறகு அவன் ஒருவன் மட்டும் போய்ப் பார்ப்பான். "நில்லுன்னா எவனும் நிக்க மாட்டான் மச்சான். சாப்புடுன்னா உக்காருவான்" என்று எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னான். பதற்றத்தில் இருக்கும் ஆண்களைச் சும்மா உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

செயலாளர் பிறகு வந்து சேர்ந்தவர். அரசு அலுவலகத்தில் நல்ல பதவி, அனுமதி வாங்கித் தர வல்லவர், அதனால் வந்த வேகத்தில் செயலாளர் ஆனார். அவர் ஒருநாளும் சஹனில் கைவைத்ததில்லை. ஒருநாள் வயிறு சரியில்லை என்பார், ஒருநாள் விரதம், ஒருநாள் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹபீப் அதைத் தெரிந்துகொண்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டான். அதே பாயின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு வாழையிலையைப் போட்டு, அதில் இரண்டு வாழைப்பழத்தை வைப்பான். "நீங்க சாப்புடாட்டியும் பரவால்ல, எங்களோட உக்காருங்க சார்" என்பான். அவரும் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். "உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறேன். "அவரு உக்காந்தா போதும், எனக்கு அதான் வேணும்" என்றான்.

பிறகு தேவனாம்பட்டினத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ராக்கெட் விடுவதென்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பெரியவங்க வர்ற எடத்துல எல்லாருமா ஒரே தட்டுல கைய விட்டுத் துன்னுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ஓட்டல்ல பொட்டலம் சொல்லிடறேன். அவுங்கவுங்க வாங்கிச் சாப்புட்டுக்கட்டும்." நானும் ஜோசப்பும் கூடாது என்றோம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹபீப் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தட்டு வேணாம்னா போவட்டும் சார். கெளம்பலன்னா எல்லாரையும் எப்படி உக்கார வெப்பீங்க?" என்று மட்டும் கேட்டான். "ஒலிபெருக்கி எதுக்கு இருக்கு? சொன்னா கேக்க மாட்டாங்களா?" என்றார் செயலாளர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று கயிறு கட்டி ஜனங்களை நன்றாகத் தள்ளியே நிறுத்தியிருந்தோம். அதுவும் ஹபீப் வேலை. பொத்தானை அழுத்தினோம், ராக்கெட் அசையவில்லை. ஒயரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஹபீப் ஒலிபெருக்கியில் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொன்னான். சங்கத்துக்காரர்கள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். பொட்டலம் கையில் இருந்தால் கால் சும்மா இருக்காது. மேடையில் பெரிய மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. நானும் ஜோசப்பும் பேட்டரிப் பக்கம் குனிந்திருந்தோம். நிமிர்ந்தபோது செயலாளர் ராக்கெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், பிரித்த பொட்டலம் இடது கையிலேயே இருந்தது.

ஹபீப் கத்தினான். அவர் திரும்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையாட்டிவிட்டு நடந்தார். அவன் ஓடினான். அவர் குனிந்து ராக்கெட்டில் மாட்டியிருந்த ஒயர் முனையைத் தொடப்போன நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்து மணலில் தள்ளினான். அவரைத் தள்ளிய வலது கை நெருப்பின் வழியில் இருந்தது. உள்ளே ஒளிந்திருந்த கங்கு பற்றி ராக்கெட் கிளம்பிவிட்டது. மிக அருமையாகப் போயிற்று, நாங்கள் விட்டதிலேயே அதுதான் உயரம். கயிற்றுக்கு அப்பால் இருந்த ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குப் புகைதான் தெரிந்தது, நடந்தது தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருக்க, அந்தக் கைதட்டல் ஓயவேயில்லை. இன்றுவரை யாராவது கூட்டமாகக் கைதட்டினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

செயலாளருக்குச் சட்டையில் ஒட்டிய மணல் தவிர ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே ஒரு கதை தயாராகிவிட்டது. "ஹபீப் பொறுமையிழந்து ராக்கெட்டிடம் ஓடினார், நான் தடுக்கப் பின்னால் ஓடினேன்" என்றார் செயலாளர். புகையில் இரண்டு பேர் ஓடியதைப் பார்த்த ஜனங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. நான் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, மேடை போட்டு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று குதித்தேன். ஹபீப் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லாத மச்சான். அவருக்கு மூணும் பொண்ணு. கேள்வி கேட்டா வேல போயிடும். எனக்குக் கைதான போச்சு" என்றான். பெயரை வெளியே விடமாட்டேன் என்று என்னிடமும் ஜோசப்பிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தச் சத்தியத்தை இப்போதும் மீறவில்லை. பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, பாருங்கள்.

காயம் ஆறியபோது விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்டன. கண்ணாடிக் குடுவையைப் பிடிக்க முடியாது என்று கல்லூரியில் அவனை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சங்கமும் கலைந்தது. ஒருமுறை அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னைச் சஹனில் அவன் மைத்துனர்களோடு உட்காரவைத்தார்கள். இடது கையைப் பொதுத்தட்டில் வைக்க மாட்டார்கள், வலது கை மடங்கிக் கிடந்தது. அதனால் அவன் ஜன்னலோரம் தனித் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கலெக்டரு வூட்டு மரியாத, மச்சான். பொறாமப்படாத" என்று கண்ணடித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரங்கல் கூட்டத்திலிருந்து நேராகப் பரங்கிப்பேட்டைக்குத்தான் போனேன். ஹபீபின் மனைவி ஜுலைகா கதவோரத்தில் நின்று, "கூட்டத்துல என்ன பேசினாங்கண்ணே?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். "அவசரப்பட்டுட்டாங்கன்னுதான சொன்னாங்க? நானும் அதத்தான் சொல்லுவேன். கை எரியறப்பல்லாம் ராத்திரி முழிச்சு உக்காந்திருப்பாங்க. ஓடினீங்கல்ல, அனுபவிங்கன்னு எத்தன தடவ ஏசியிருக்கேன். ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்லண்ணே" என்றார்.

தன் வீட்டிலும் அவன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பெயரைத் தவிர. பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. "அடக்கத்தன்னிக்கு வந்திருந்தாரே" என்றார். "மோர் குடுத்தனுப்பினேன். வேணாம், இப்பத்தான் குடிச்சேன்னாராம்." பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. நான் ஏசாமயாவது இருந்திருப்பேன்" என்று அழுதார். இதை எழுதிப் போடுங்கள், பிள்ளைகள் பெரியவர்களானால் படிக்கட்டும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார்.

ஆகவே, நண்பர்களே, அவன் அவசரக்காரன் இல்லை. நாங்கள் ராக்கெட் விட்ட அத்தனை காலத்தில் அவன் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட மனமில்லாத மனிதருக்காக. இப்படிப்பட்ட கட்டுரைகளில், மறைந்தவரிடமிருந்து பெற்றுக்கொண்டது இன்னது என்று எழுதி முடிப்பார்கள். அவனுடைய பொறுமையைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல வரவில்லை. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பட்டிருக்க வேண்டிய கோபம் ஒன்று இருந்தது. அதை அவன் தொடவே இல்லை, முழுதாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.