காசியின் வலது கால்

அடி அண்ணாமலை கிராமத்தில் காசி என்றால் முதலில் அவன் வலது கால்தான் ஞாபகம் வரும். எருது விடும் விழாவில் தடுப்புக் கட்டையை உடைத்தது அந்தக் கால். சந்தையில் ஒருவனுடைய விலாவை நொறுக்கியதும், பெண்டாட்டி பச்சையம்மாளைக் கிணற்று மேட்டிலிருந்து உருட்டிவிட்டதும் அதுதான். ஊரில் அவனை வீரன் என்றார்கள். அதைக் கேட்டாலே அதே ஊரில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடிக்கிறவன் அடி வாங்காமல் இருப்பானா? காயம் பட்டால் பெட்டிக்கடையில் கிருமி கொல்லும் கேப்சூல் வாங்குவான். விழுங்க மாட்டான். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் மாவைப் புண்ணில் தூவுவான். பொருக்கு கட்டியதும் நிறுத்திவிடுவான். மிச்சம் மாட்டுப் புண்ணுக்கு. எழுபதுகளில் ஊரே அப்படித்தான் செய்தது.

எண்பத்து நாலில் தம்பி தருமனோடு, யார் எப்போது வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுவது என்ற முறைத் தண்ணீர்ச் சண்டை வந்தது. காசி வாய்க்காலை வேர்க்கடலை போட்டிருந்த தன் மல்லாட்டைக் கொல்லைக்குத் திருப்பினான். தடுக்க வந்த தம்பியைச் சேற்றில் தள்ளிக் கழுத்தை மிதித்தான். மூச்சு முட்டிய தருமன் கைக்குக் கிடைத்த மண்வெட்டியை வீசினான். காசியின் வலது முழங்காலுக்குக் கீழே சதை பிளந்து எலும்பு தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்று பச்சையம்மாள் அழுதாள்.

"போடி. எனக்குத் தெரியாத வைத்தியமா?" என்று அவளை அறைந்துவிட்டு மாவைத் தூவினான்.

மேலே பொருக்கு கட்டியது. அடியில் அழுகியது. கட்டுத்துணி பச்சை நிறத்தில் நனைந்தது. காய்ச்சலில் உளற ஆரம்பித்த பிறகுதான் அவனைத் திருவண்ணாமலையில் டாக்டர் சம்பந்தமூர்த்தியிடம் தூக்கிப் போனார்கள். அவர் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். சீழ் நிற்கவில்லை.

"இது தண்ணியில, மண்ணுல எங்கயும் இருக்குற கிருமிதாம்மா" என்றார் பச்சையம்மாளிடம். "நல்லா இருக்குறவங்களை ஒண்ணும் பண்ணாது. புண்ணு கெடைச்சா பூந்துடும். நீங்க மாவு தூவித் தூவி சாதுக் கிருமியைத்தான் கொன்னீங்க. முரட்டுக் கிருமி தங்கிடுச்சு. இங்க மட்டும் இல்ல, வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலகூட இது மருந்துக்கு அடங்க மாட்டேங்குதாம். ரத்தத்துல ஏறிட்டா உசுரு போயிடும். காலை எடுத்துடணும்."

காசி பக்கத்திலிருந்த தட்டை அவர் மேல் வீசினான். பெண்டாட்டியின் முடியைப் பிடித்து இழுத்தான். "நீ சரின்னு சொன்னே, கொன்னுடுவேன்டி" என்று கத்தினான். கத்தியவன் அப்படியே மயங்கினான்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். புருஷன் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததும் உண்மை, அந்தக் கால் தொலைய வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. இரண்டையும் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். அதற்காக அவளைக் குறை சொல்கிறவன் என் முன்னால் வர வேண்டாம்.

"எடுத்துடுங்க ஐயா" என்றாள்.

பாதித் தொடையோடு காலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. கண் விழித்த காசி போர்வையைத் தடவிப் பார்த்தான். பச்சையம்மாள் கட்டில் ஓரத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுடி..." என்று எழுந்து, பழக்க தோஷத்தில் வலது காலால் அவளை எட்டி உதைத்தான். உதைக்கக் கால் இல்லை. உடம்பு புரண்டு தரையில் விழுந்தது. கட்டு பிரிந்து ரத்தம் கொட்ட, அவன் அலறினான்.

பச்சையம்மாள் அவனைக் குனிந்து பார்த்தாள்.

"கத்தாத. உசுரு இருக்குது இல்ல" என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.