கட்டிலருகே இருந்த பேட்டரி

பார்சல்காரர் குடியிருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாள் முழுக்க ஊரார் சாமான்களைச் சுமந்துவிட்டு, மாலையில் பேட்டரி சைக்கிளைக் கீழே பூட்டி, அதன் பேட்டரியை மட்டும் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறிவருவார். வந்த சூட்டோடு சார்ஜ் போடமாட்டார். கதவோரம் ஆறவிடுவார். முழுக்க ஏறுமுன்பே பிடுங்கிவிடுவார். ஒட்டத் தீரவும் விடமாட்டார். அதனால் அது வருடக்கணக்கில் உழைத்தது.

அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டிருந்தது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆகவே அதே மாதிரி இன்னொரு பேட்டரியை வாங்கி, இன்வெர்ட்டரோடு இணைத்துக் கட்டிலருகே வைத்தார்.

வாங்கியதில் குறை சொல்ல முடியாது. பழைய செல்லுக்குப் புது உறை மாட்டி விற்பவர்கள் உண்டு. அவர் தூக்கிக் கனம் பார்த்தார், தயாரித்த மாதம் பார்த்தார், அதற்கேற்ற சார்ஜரையே கேட்டு வாங்கினார். பழையது சைக்கிளுக்கு, புதியது மனைவிக்கு.

புதியதற்கு மட்டும் வேறு சட்டம். எந்நேரமும் சார்ஜரிலேயே கிடந்தது. எந்நேரமும் முழுசாக, சார்ஜைக் காட்டும் நான்கு பச்சை விளக்கும் எரிய. இடம் வேறில்லாததால் வெயில் விழும் ஜன்னலடியில்.

"பாத்தீங்களாம்மா, சக்களத்தியைக் கொண்டாந்து பக்கத்துலயே படுக்க வச்சிட்டாரு. எனக்கு இப்படி வேளாவேளைக்கு ஊட்டினதே இல்லை" என்பாள் அவள்.

"அவ வாயைத் திறக்குறாளா பாரு. அதான்" என்பார் அவர்.

அவள் சிரித்தால் இருமல் வரும். துடைத்துவிடுவேன்.

இன்வெர்ட்டரில் தளர்ந்த ஒயரை இறுக்க ஒருநாள் பேட்டரிக்கடைக்காரன் வந்தான். பேட்டரியைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணே, ஃபுல்லா ஏத்தி வெயில்ல போட்டு வச்சா இது சீக்கிரம் செத்துரும். மாத்தி மாத்தி ஓட்டுங்க. இன்னிக்கு வண்டிக்குப் போனது நாளைக்குக் கட்டிலுக்கு."

"ரோட்டுக் குழியில அடிவாங்கினதை நம்பி இவளைப் படுக்க வைக்கச் சொல்றியா?"

"விளக்கு நாலும் எரியுதுன்னு நம்பாதீங்கண்ணே. ஓட்டிப் பாத்தாத்தான் உள்ளே இருக்கிறது தெரியும்."

"நல்லது அவளுக்குத்தான்டா. நீ ஒயரைப் பாரு."

அவன் போனபின் நானும் சொன்னேன். "தம்பி, ஒருதடவை பிளக்கைப் பிடுங்கிப் பாத்துருவோம்."

"அது தீர்ந்த நேரமாப் பாத்து கரண்ட் போச்சுன்னா நீங்க ஊதுவீங்களாம்மா? ஆஸ்பத்திரில சொன்ன சிலிண்டர் வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

நியாயம்தான் என்று பட்டது. சிலிண்டர் வரவில்லை. மின்சாரம்தான் போனது, ஒரு மதியம்.

மெஷின் பேட்டரிக்கு மாறி ஓடியது. நான்கு பச்சை விளக்கும் எரிந்தன. அவள் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் மெஷின் கூவிவிட்டு நின்றது. நான்கும் ஒன்றாக அணைந்தன.

அவளை நிமிர்த்தி, தலையணையை மடியில் கொடுத்து முன்னால் சாய்த்தேன். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அவருக்கும் சொன்னேன்.

"வராரா?"

"வந்துக்கிட்டே இருக்காரு. பேசாதே. உதட்டைக் குவிச்சு ஊது."

ஊதினாள். உதடு நீலமானது. பிறகு ஊதவில்லை. தரையில் இறக்கி நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன்.

அவர் சைக்கிள் பேட்டரியோடு ஓடிவந்தார். என்ன என்று கேட்கவில்லை. செத்ததைப் பிடுங்கி எறிந்து, கொண்டுவந்ததை மாட்டினார். அதில் இரண்டு விளக்குதான் எரிந்தது. மெஷின் உடனே ஓடியது. குழாயை அவள் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். "போதும்மா, கையை எடுங்க" என்றார் ஒருவர். எடுத்தேன். அந்த ஆம்புலன்ஸ்காரர் மெஷினை அணைக்கப் போனார்.

"அதைத் தொடாதீங்க. நல்லாத்தானே ஓடுது" என்றார் பார்சல்காரர்.

மின்சாரம் திரும்பும்வரை அந்தப் பழைய பேட்டரி மெஷினை ஓட்டியது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.