உடைந்த தேங்காய்கள்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் உள்ளங்காலில் ஏறும் ஏசிக் குளிரும், சூடேறிய மானிட்டரின் பிளாஸ்டிக் வாசனையும்தான், தொண்ணூறுகளில் பீளமேட்டில் நான் படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் அறை. 'பேசிக்' மொழி சொல்லித்தந்த மிஸ், "வாய்ப்பாடு படிக்க ஒரு வெளையாட்டு செஞ்சு காட்டு கண்ணு" என்றபோது எனக்குக் கிணத்துக்கடவில் மாமாவின் தென்னந்தோப்புதான் நினைவுக்கு வந்தது. திரையின் உச்சியிலிருந்து ஒரு தேங்காய் இறங்கும். தரை தொடுமுன் விடையைத் தட்ட வேண்டும். சரியென்றால் காய் சத்தமில்லாமல் கூடைக்குள் விழும். தப்பென்றால், பிள்ளையார் கோயில் 'சிதறுகாய்' போல உடைந்து, திரை முழுக்க வெள்ளைச் சில்லுகள் பறக்கும்.

தோற்பதில்தான் கொண்டாட்டம் என்பதை வகுப்பு உடனே கண்டுகொண்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு சொல்லக்கூடிய என் பக்கத்து இருக்கை செல்வி, "ஏழெட்டு எழுவத்தேழு!" என்று கத்திக்கொண்டே தட்டி, "பொறுக்குங்க புள்ளைகளா, சில்லு பறக்குது!" என்பாள்.

ஒருநாள் மிஸ், யார் எத்தனை தப்பு என்று கடைசியில் தெரிகிற மாதிரி புரோகிராமில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். "மார்க் இல்லீங்களே மிஸ்?" என்று கேட்டேன். "வெளையாட்டுக்கு யாராச்சும் மார்க் போடுவாங்களா?" என்று சிரித்தார். அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன். "அப்பச் சரி, புள்ளையாருக்கு இன்னிக்கு நெறையக் காய் ஒடைச்சுப்போடலாம்" என்று உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம், கணக்கு வராதவர்கள் என்று சிலரை 'பி' பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் பெயர் செல்வியுடையது. கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன்.

"மிஸ், காய் ஒடையறதைப் பாக்கத்தானுங்க அவ வேணும்னே தப்பாத் தட்டுனா!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நீ செஞ்சதுதான கண்ணு" என்றார் மிஸ், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அதுவரை என்னை 'ஏம்புள்ள' என்றே கூப்பிட்டு வந்த செல்வி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "வெளையாட்டுன்னு சொன்னீங்களே அம்மணி" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அவள் என்னோடு விளையாடவே இல்லை.

அந்த அறை இருந்த கட்டடம் இன்று இல்லை, விளையாட்டைப் பதிந்துவைத்திருந்த பிளாப்பி டிஸ்க்கும் இல்லை, செல்வி எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் தெரியவில்லை. போன வாரம் என் மகள், பள்ளியில் கொடுத்த கணக்கு விளையாட்டை டேப்லெட்டில் திறந்துவைத்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தப்பா அழுத்துனா இந்தக் கொரங்கு குட்டிக்கரணம் போடுது!"

என்னையறியாமல் அவள் விரலைப் பிடித்துவிட்டேன். "சரியா அழுத்து கண்ணு. பாத்துட்டிருப்பாங்க."

"யாரும்மா?" என்றாள். சிரிப்பை நிறுத்திவிட்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.