பஞ்சு காயும் முற்றம்

மெத்தைக்காரியின் புருஷனுக்குத் தெருவில் சம்மட்டி என்று பேர். பழைய லாரிகளை உடைப்பது தொழில். பட்டறையில் இரும்பை அடிப்பான், வீட்டுக்கு வந்தால் இவளை அடிப்பான். முன்பல் ஒன்று போயாச்சு, இடது காது பாதிதான் கேட்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால், "வழுக்கி விழுந்துட்டேங்க" என்பாள். எத்தனை தடவைதான் ஒருத்தி வழுக்கி விழுவாள், அந்த நர்சுக்குத் தெரியாதா என்ன.

அவனுக்குப் பித்தக்குழாயில் புற்றுநோய் வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், அரிப்பில் உடம்பைப் பிய்த்துக்கொண்டான். நரம்பில் மருந்து ஏற்றி, இரண்டு நாள் கழித்து வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிமேல் சிவப்பு வெளிச்சம் அடித்தார்கள். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து கட்டியைப் பொசுக்குமாம்.

"மருந்து தோல்லயும் தங்கியிருக்கும். ஒரு மாசத்துக்கு மேல வெயில் படவே கூடாது. பட்டா வெந்துடும்" என்றார் டாக்டர்.

ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கியது. இருட்டில் கிடந்தவனுக்கு வெறி இன்னும் ஏறியது. ஒரு மத்தியானம் சோற்றில் உப்பு போதவில்லை என்று செம்பை வீசினான். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் எழுந்து வரவும், பின்கதவைத் திறந்து முற்றத்துக்கு ஓடினாள். மெத்தைக்குப் பஞ்சு காயப்போட்டிருந்த, பொட்டு நிழல் இல்லாத முற்றம். அவன் கதவோடு நின்றுவிட்டான்.

அட, இப்படியும் ஒரு இடம் உண்டா? கல்யாணமான நாளிலிருந்து அவன் கை எட்டாத இடம் என்று அவளுக்கு ஒன்று இருந்ததே இல்லை.

"உள்ள வாடி."

"நீ வாயேன்." படிக்குப் பக்கத்தில் வந்து நின்று, முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. கையை வெளியே நீட்டி அவள் மயிரைப் பிடித்து, தலையைக் கதவு நிலையில் மோதினான். அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி வெயிலுக்குள் இழுத்தாள். பஞ்சு அடித்து அடித்து உரமேறிய கை அவளுடையது. படியில் காலை ஊன்றிக்கொண்டாள். அவன் பிடுங்கப் பார்த்தான், மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. அவள் விடவில்லை. தோல் எரிய எரிய அவன் மாடு மாதிரி அலறினான். அலறட்டும். பாவம் என்று துளி தோன்றவில்லை அவளுக்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் முழங்கை வரை கொப்புளம். மறுநாளிலிருந்து விடிந்தால் அவள் முற்றத்தில்தான் இருந்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவன் கையைப் பார்த்தார். "இது எப்படி ஆச்சு?"

அவன் அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "வழுக்கி விழுந்துட்டேங்க. கையில வெயில் பட்டுடுச்சு."

"பாத்து இருக்கக் கூடாதா? கட்டி நல்லா சுருங்கியிருக்கு. மூணு மாசத்துல இன்னொரு தடவை செய்யலாம். ஆனா மறுபடியும் இருட்டுலதான் இருக்கணும், என்ன சொல்றீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "செஞ்சிடுங்க டாக்டர்."