தண்ணீரைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை

நான் கிளிநொச்சியில் பல்கலைக்கழக இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கான அறிமுக வாரத்தில் உதவிக்கு நின்றவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து ஊர் முரசுமோட்டைக்காரி என்பதால் ஊரே எனக்குச் சொந்தம் போல ஒரு நடப்பு. நூலகம் எங்கே, பரந்தனுக்கு எந்த பஸ், மூத்த மாணவர்கள் பகிடிவதை செய்தால் யாரிடம் சொல்வது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்தேன்.

என் குழுவில் ஒரு தங்கச்சி, மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள். எதைக் கேட்டாலும் "பரவால்லக்கா" என்பாள். வளாகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு போகையில், கொளுத்தும் வெயிலில் அப்படியே சுருண்டு விழுந்தாள்.

வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். கண் திறந்ததும், படிப்பே வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று அழத் தொடங்கிவிட்டாள். யாராவது பகிடிவதை செய்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சேலைன் பார்க்க வந்த தாதிதான், "பிள்ளை தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

அவர் போனபிறகு மெல்லச் சொன்னாள். "இந்தத் தண்ணி எறங்கவே மாட்டேங்குதுக்கா. உப்பா இருக்கு. ஒரு வாய் வச்சாலே வயித்தப் பொரட்டுது."

"ஏன் பிள்ளை அதை என்னட்டைச் சொல்லேல்லை?"

"தோட்டத்துல இருந்து வந்துட்டுத் தண்ணியக் கொற சொல்றான்னு நெனச்சிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவள் சும்மா பயப்படவில்லை. தோட்டம் என்றதும் எங்கள் ஆட்கள் சிலர் இளக்காரமாகக் கதைக்கிற கதை எனக்கும் தெரியும். எங்கள் கிணறுகளில் உப்பு இருப்பதே எனக்கு அதுவரை உறைத்ததில்லை. பிறந்ததிலிருந்து குடிக்கிறோம், எங்களுக்கு அதுதான் தண்ணீர்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பின்னேரமே அம்மா ஸ்கூட்டியில் பெரிய போத்தல் நிறைய வடிகட்டிய தண்ணீரும் அதில் பிழிந்துவிடத் தேசிக்காயும் கொண்டு வந்து நின்றார்.

"இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை போன இடமெல்லாம் தண்ணி ஒத்துக்கொள்ளாமல் நாங்களும் கிடந்தனாங்கள்தானே. இதிலை என்ன வெக்கம்? குடியுங்கோ பிள்ளை."

மடக் மடக்கென்று ஒரு குவளையைக் குடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். ஊருக்குப் போகிற கதையை அதன்பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வருடம் புதியவர்களை வரவேற்க அவளே மேடை ஏறினாள். வணக்கம் சொன்ன கையோடு, "இந்த ஊர்த் தண்ணி மொதல்ல ஒங்களுக்குப் புடிக்காது. புடிக்கலன்னா வாய் தொறந்து சொல்லுங்க, இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றாள். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் மெல்லக் கையைத் தூக்கியது.

வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம்; அது அவர்களுக்கு இறங்குகிறதா என்று நின்று பார்க்க அந்தத் தங்கச்சியிடம்தான் படித்தேன்.