விழல தாயி, உக்காந்துட்டேன்

திருத்தங்கல் ரோட்டில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் ஆயாவாக வேலை பார்த்தேன். அங்கே விழுந்தவர்களைத் தூக்குவதுகூடப் பெரிதில்லை. விழுந்ததை அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. யார் விழுந்தாலும் எந்த இடம், எப்படி, எங்கே அடி என்று எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறவர்களை, இறங்க முடியாதபடி பக்கத்தில் கம்பி வைத்த கட்டில்கள் போட்ட அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் ஜன்னலோரக் கட்டில் பெரியம்மாவுக்கும் எனக்கும் தினமும் ஏழாம் பொருத்தம்தான். அவருக்கு இருந்தது ஒரே மகள். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். தீபாவளி சீசன் முடிந்ததும் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் அவள் வேலைக்குப் போனால் பகல் முழுக்கப் பெரியம்மா தனியாகத்தான் இருக்க வேண்டும். தூக்கிவிட ஆள் கிடையாது. தானாக நடமாட முடிந்தால்தான் வீடு.

அதனால் பெரியம்மா விழுந்ததே இல்லை. குளியலறை வாசலில் கிடப்பார், முழங்கை சிராய்த்து ரத்தம் கசியும். யார் கேட்டாலும், மகளே கேட்டாலும், ஒரே பதில்தான்.

"விழல தாயி. உக்காந்துட்டேன்."

குப்புறக் கிடந்துகொண்டு இது என்ன பேச்சு என்று நான் எகிறுவேன். ஆயுசு பூரா உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினவளுக்கு உட்காரத் தெரியாதாக்கும் என்பார். எரிச்சலோடு சிரிப்பும் வந்துவிடும். ஆனாலும் விழுந்தார் என்றுதான் எழுதினேன். எழுதினால்தானே ஏன் விழுகிறார் என்று பார்க்க முடியும் என்பார் பொறுப்பாளரம்மா. பார்த்தோம். ஈரத்தரையில் சாக்கு போட்டோம், சுவரில் கைப்பிடி அடித்தோம், டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஒன்றும் சரிப்படவில்லை. வாக்கரையும் பெரியம்மா தொடமாட்டார், மகள் பார்த்தால் மனசு மாறிவிடுவாள் என்று பயம். கம்பிக் கட்டில் அறைக்கு மாற்றும் பேச்சு வந்தபோது, மகள் வரும்வரையாவது பொறுங்கள் என்று நான்தான் பொறுப்பாளரம்மாவிடம் கெஞ்சினேன். பாவம், பெரியம்மா அதற்காகத்தானே காத்துக் கிடந்தார்.

தீபாவளி முடிந்து மகள் வந்தாள். நக இடுக்கில் பட்டாசு மருந்தின் கறுப்பு இன்னும் போகவில்லை. வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். பெரியம்மா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். வராந்தா முழுக்கத் தனியாக நடந்தார். நல்ல நடை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதல் படி இறங்கினார். அடுத்த படியில் கால் மடங்கி, இடுப்பு சிமெண்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

மகள் ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ விழல. உக்காந்துட்ட, அம்புட்டுதான்" என்று அழுதாள்.

பெரியம்மா அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"விழுந்துட்டேன் தாயி. எழுதிக்கோ."