பெடலில் உட்கார்ந்தவள்

அந்தப் பட்டறையில் பிரேக் வேலை பார்க்கிற மனுஷனுக்கு எல்லாரும் வைத்த பெயர் 'பிரேக் வாத்தியார்'. வேலை சுத்தம், வாய்தான் நிற்காது. வண்டி விட வந்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"எண்ணெய் நசுங்காது தம்பி. இந்த முனையில அழுத்தினா, அந்த அழுத்தம் அப்படியே நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். சின்ன பிஸ்டன்ல மிதிச்சா பெரிய பிஸ்டன்ல பல மடங்கு பலம். சும்மா கிடைக்காது, நீ ஒரு சாண் மிதிச்சாதான் அங்க ஒரு நூல் நகரும். ஆனா காத்து இருக்கே, அது நசுங்கும். உள்ளே குமிழி நின்னா, நீ மிதிக்கிறது அதை நசுக்கவே சரியாப் போயிடும். சக்கரத்துக்குச் சேதியே போகாது!"

அந்தக் காற்றை வெளியேற்ற ரெண்டு ஆள் வேண்டும். பெடலில் உட்காருவது இருபது வருஷமாக அவர் மனைவிதான். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. "அடியே" என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாள். "மிதி" என்றால் மூன்று தரம் மிதிப்பாள். "பிடி" என்றால் அழுத்தியபடியே இருப்பாள். அவர் சக்கரத்துத் திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் துப்பியதும் மூடுவார். அப்புறம்தான் "விடு". முன்னாடியே காலை எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். "நாம பேசிக்கிட்டதுல முக்கால்வாசி இந்த மூணு வார்த்தைதான்" என்பாள் அவள். அவர் "ம்ம்" என்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த "ம்ம்" போதும்.

அன்றைக்கு வந்தது பள்ளிக்கூட வேன். மூன்றரைக்கு முப்பது பிள்ளைகள் ஏறும், வழியெல்லாம் இறக்கம். "மூணுக்குள்ள குடுத்துடுங்க வாத்தியாரே, வேற வண்டி இல்ல" என்று டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவள் வேனில் ஏறி உட்கார்ந்து ரெண்டு சுற்று மிதித்து முடித்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. வாத்தியார் எண்ணெயைத் திட்டினார். ரப்பர் சீல் ஒன்றை மாற்றினார். குழாய் இணைப்பையெல்லாம் விரலால் தடவிக் கசிவு தேடினார். கடைசியில் டிரைவர் தினமும் பிரேக் மிதிக்கிற லட்சணத்தையும் ஒரு பிடி பிடித்தார். மணி ரெண்டரை.

மூன்றாம் சுற்றில்தான் கண்ணில் பட்டது. தெளிவாக வந்துகொண்டிருந்த எண்ணெய், அவர் மூடுவதற்குள் சட்டென்று பின்வாங்கியது.

"யாருடி உன்னைக் காலை எடுக்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே எழுந்து கதவைத் திறந்தார்.

அவள் ரெண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"பிடிச்சுக்கத்தான் பார்த்தேங்க. தாங்கல."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடியே சொன்னேனே."

"என்கிட்டயா?"

"பின்ன, வேன்கிட்டயா? நீங்கதான் 'ம்ம்'னீங்க."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. ஊர் வண்டியிலெல்லாம் கசிவு கண்டுபிடித்தவர், ஸ்பேனரும் கையுமாக அங்கேயே நின்றார். அவள்தான் ஸ்பேனரை வாங்கினாள். "நின்னுட்டிருந்தா ஆகுமா? பிள்ளைங்க காத்திருக்கும், ஏறுங்க" என்று சொல்லி, சக்கரத்துக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மிதிங்க... பிடிங்க."

பிடித்தார். அவள் அவசரப்படவில்லை. மூன்றாவது சக்கரத்துக்குப் போனபோது அவருக்குத் தொடை நடுங்கியது.

"அடியே, விடலாமா? கால் வலிக்குதுடி!"

சக்கரத்துப் பக்கமிருந்து பதில் வந்தது. "ம்ம்."

அதற்கப்புறமும் அவள் "விடுங்க" என்று சொல்லும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

நாலாவது சக்கரமும் முடிந்தபோது பெடல் கல்லாக நின்றது. மூன்றுக்கு ஐந்து நிமிஷம். டிரைவர் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இனி எப்படியும் பாடம் கேட்டே ஆகவேண்டும் என்று தெரிந்து, "என்ன கோளாறு வாத்தியாரே?" என்றார்.

வாத்தியார் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நீ ஆஸ்பத்திரி வழியாத்தானே போவ?" என்றார். "எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்குமா?"